நின்று நின்று வரும் குரல்

மார்ச் 3, திங்கள்

பெரியவர் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். திரும்பி வந்ததும் கம்பெனி முழுவதையும் கூட்டி, "இனிமே ஆளுக்கொரு மெயில், ஆளுக்கொரு ஃபைல் கிடையாது. எல்லாரும் ஆன்லைன்ல ஒரே இடத்துல எழுதணும். ஒருத்தர் எழுதினா எல்லாருக்கும் தெரியணும்" என்று அறிவித்துவிட்டார். முதலாளி ஆசைப்பட்டுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஃபேக்டரி, கொள்முதல், சர்வீஸ், விற்பனை, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற எங்கள் புகார்ப் பிரிவு – எல்லோரும் ஒரே குழு. மத்தியானத்துக்குள் அதற்குப் 'பலகை' என்று பெயர் விழுந்துவிட்டது.

கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. தையல் மெஷின் வாங்கியவர்கள் சொல்லும் புகார்களையும் அதில் போடலாமா? என் முறை வந்ததும் "பு—" என்று ஆரம்பித்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. பிரியவில்லை. பக்கத்திலிருந்த விற்பனைப் பிரிவுக்காரர் பாவம் பார்த்து, "புதுசா இருக்குன்னு சொல்றாங்க சார்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவைத்தேன்.

இப்படி எத்தனை பேர் என் வாக்கியங்களை முடித்துவைத்திருக்கிறார்கள்! அவற்றில் பாதி நான் சொல்ல நினைக்காதவை. திக்குவாய் என்றால் நாக்குக்குத்தான் நோய் என்று நினைக்கிறார்கள். கேட்கிறவர்களின் பொறுமைக்கும் அது நோய்தான்.

இந்த நோட்டில் மட்டும் நான் திக்குவதில்லை.


மார்ச் 5, புதன்

பலகையின் முதல் நாள். ஃபேக்டரி சூப்பர்வைசர் காலையில் ஒரு ரோஜாப் பூச்செண்டுப் படத்தைப் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். மத்தியானம் கொள்முதல் அண்ணா, 'மாதிரி மெஷின் தயாரா?' என்று கேட்டதற்கு இன்னொரு பூச்செண்டு வந்தது. தயார் என்று அர்த்தமா, தயாரில்லை, மன்னித்துவிடு என்று அர்த்தமா என்று கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. மனிதருக்கு இனிமேல் பூச்செண்டு என்றே பெயர்.


மார்ச் 11, செவ்வாய்

புதிய மாடலில் நூல் அறுகிறது. இந்த வாரமும் அதே புகார்தான். எங்களுக்கு மெயிலில் வருவதற்கு நாங்கள் பதில் எழுதுகிறோம்: 'சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்ல நூல் பயன்படுத்தவும்.' எழுதும்போது எனக்கே கூசுகிறது. பத்து வருஷமாகத் தைக்கிற பெண்ணிடம் போய் நல்ல நூல் வாங்கு என்பதா?

கம்பெனியின் முகநூல் பக்கத்தில் நடப்பது இன்னும் மோசம். அதை வெளி விளம்பர நிறுவனம் ஒன்று பார்த்துக்கொள்கிறது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிற படம். அதற்குக் கீழே, 'நூல் அறுந்துபோகுது, யாராவது பதில் சொல்லுங்க' என்று காலையில் பார்க்கிற கமெண்ட் சாயங்காலம் இருப்பதில்லை. விளம்பரக்காரரிடம் மெயிலில் கேட்டேன். 'பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் மேடம்' என்று பதில் போட்டார்.

குப்பையைப் பெருக்குகிற மாதிரி மனுஷங்களைப் பெருக்கறாங்க.


மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு அறையில் பேச்சு அடிபடுகிறது. புதிய மாடல் போகவில்லை. ஃபேக்டரியில் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தப்போகிறார்களாம். எங்கள் புகார்ப் பிரிவையும் கலைத்துவிட்டு, தானாகப் பதில் சொல்லுகிற கம்ப்யூட்டர் ஒன்றைப் போடப்போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "அந்த கம்ப்யூட்டர் திக்காதா?" என்று கேட்டார். முறைத்தேன். "இல்ல, திக்கலேன்னா அதுக்கு யோசிக்கவே நேரம் இருக்காதேன்னு சொன்னேன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷரை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கவலைப்படக்கூட முடியாது.

"வே-வேலை" என்று நான் ஆரம்பித்ததும், அம்மா சமையலறையிலிருந்து, "வேற வேலை தேடிக்கலாம், விடு" என்று முடித்துவைத்தாள். வேலையை விட மனசில்லை என்று சொல்ல வந்தேன்.


மார்ச் 18, செவ்வாய்

வெடித்துவிட்டது.

வீட்டிலேயே தையல் கடை நடத்துகிற ஒரு பெண் வீடியோ போட்டிருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்க ஒப்புக்கொண்டு, நம்பி எங்கள் மெஷின் வாங்கியிருக்கிறார். கனமான துணியை வைத்துத் தைத்துக்காட்டுகிறார். டக் என்று நூல் அறுகிறது. திரும்பக் கோத்துத் தைக்கிறார். டக். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கடைசியில் மட்டும் கேமராவைப் பார்த்து, "மெஷின் கெட்டுப்போறது சகஜம். ஆனா நான் அவங்க பக்கத்துல மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் அழிச்சிட்டாங்க. நான் என்ன, கரும்பலகையில எழுதின கணக்கா?" என்கிறார்.

காலையில் சில ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சாயங்காலம் லட்சத்தைத் தாண்டிவிட்டது. கீழே வரிசையாக: 'எனக்கும் இதேதான்', 'எனக்கும்', 'எனக்கும்'.


மார்ச் 19, புதன்

இன்று நான் செய்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அதனால் அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் பெரியவர் பலகையில் எழுதினார்: 'அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடிவு செய்துள்ளேன். ஆட்சேபணை இருந்தால் இங்கேயே தெரிவிக்கவும்.'

யார் தெரிவிப்பார்கள்? கீழே மளமளவென்று கட்டைவிரல்கள். விளம்பரக்காரரையும் பலகையில் சேர்த்திருந்தார்கள். அவர் இரண்டு கட்டைவிரல் போட்டார். நேரில் நடக்கும் கூட்டமாக இருந்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். நான் 'ஆ—' என்று தொடங்குவதற்குள் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் இங்கே என் முன்னால் ஒரு காலிக் கட்டம் இருந்தது. அது என்னை அவசரப்படுத்தவில்லை. எனக்காக எதையும் முடித்துவைக்கவுமில்லை.

எழுதினேன்:

'ஆட்சேபணை இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து இதே புகார் எங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அவர் முதலில் நம்மிடம்தான் சொன்னார். நாம் கேட்கவில்லை, அதனால் ஊரிடம் சொன்னார். நோட்டீஸ் அனுப்பினால் அதையும் பிரித்து வீடியோவில் காட்டுவார். அந்த வீடியோவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க, நாம் பதில் சொல்வோம். அதற்குமுன் நூல் ஏன் அறுகிறது என்று இங்கே இருக்கிற எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்.'

பொத்தானை அழுத்திவிட்டேன். அழுத்தின பிறகுதான் – ஐயோ, என்னடி பண்ணி வச்சிருக்கே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 'பெரியவர் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று திரையில் வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது. மனிதர் எழுதி எழுதி அழிக்கிறார். என்னையா, வார்த்தையையா?

அப்போது பூச்செண்டிடமிருந்து ஒரு செய்தி. பலகைக்கு வந்த நாளிலிருந்து அவர் எழுதிய முதல் வாக்கியம்: 'மேடம் சொல்வது சரி. என் ஷிஃப்டு போனாலும் பரவாயில்லை, காரணம் தெரிய வேண்டும்.' பழக்க தோஷம், கூடவே ஒரு ரோஜாவும். அடுத்து சர்வீஸ் பிரிவு. அடுத்து கொள்முதல் அண்ணா. காலையில் கட்டைவிரல் போட்டவர்களில் சிலர் அதை நைசாக எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் பெரியவர்: 'நாளை சாயங்காலத்துக்குள் காரணம் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் நோட்டீஸ்.'


மார்ச் 20, வியாழன்

வந்துவிட்டது! வந்துவிட்டது!

நடந்தது இதுதான். காலையில் நான் எங்களுக்கு வந்த புகார்களையெல்லாம் தொகுத்துப் பலகையில் போட்டேன். கனமான துணி, அதிலும் முன்னும் பின்னுமாகத் தைக்கும்போதுதான் அறுகிறது. மெல்லிய துணிக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு சர்வீஸ் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுதினார்: 'வேறு எதற்காகவோ ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டை மாற்றி, எங்களிடம் கிடந்த பழைய சரக்கைப் போட்டுக்கொடுத்த மெஷின் எதுவும் எங்களிடம் திரும்பி வரவில்லையே, ஏன்?' அப்புறம் கொள்முதல் அண்ணா தயங்கித் தயங்கி எழுதினார்: 'நவம்பரில் தகடு செய்கிற பட்டறையை மாற்றினோம்.'

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இத்தனை மாதம் இருந்திருக்கிறோம்!

பூச்செண்டு ஃபேக்டரியில் புதுத் தகடு ஒன்றைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் படமெடுத்துப் போட்டார். ஊசி இறங்குகிற துளையின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஒரு பிசிறு. கனமான துணியில் நூல் இறுகி அதில் உரசும்போது அறுத்துவிடுகிறது. பழைய தகட்டின் படத்தையும் பக்கத்தில் வைத்தார். அது வழவழவென்று இருந்தது.

பெரியவர் ஒரே சொல் எழுதினார்: 'அழகு.' பிசிறைச் சொன்னாரா, எங்களைச் சொன்னாரா தெரியவில்லை. நான் எங்களை என்றே எடுத்துக்கொண்டேன்.


மார்ச் 21, வெள்ளி

அந்த வீடியோவுக்குக் கீழே கம்பெனியின் பெயரில் பதில் எழுத என்னையே சொன்னார்கள். எழுதினேன். காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். எல்லோருக்கும் தகடு இலவசமாக மாற்றித்தருவோம் என்றேன்.

தையற்காரப் பெண்ணிடமிருந்து உடனே பதில்: 'நீங்க மெஷினா, மனுஷியா?'

'மனுஷிதான். புகார்ப் பிரிவில் இருக்கிறேன்.'

'மெஷின்தான் இவ்வளவு மரியாதையா மன்னிப்புக் கேக்குமேன்னு சந்தேகம். சரி, எழுத்துல எல்லாரும் நல்லவங்கதான். நேரலையில வந்து, எல்லாரும் பாக்க, என் மெஷினைச் சரிபண்ணிக் காட்டுங்க. அப்ப நம்பறேன்.'

பெரியவருக்கு ஒரே உற்சாகம். 'செய்வோம்' என்று எழுதிவிட்டார்.


மார்ச் 24, திங்கள்

விளம்பரக்காரர் திட்டம் கொண்டுவந்தார். நேரலை வேண்டாமாம். ஒரு நடிகையை வைத்து முன்கூட்டியே படமெடுத்து, வெட்டி ஒட்டிப் போடலாமாம். தையற்காரப் பெண்ணிடம் கேட்டோம். அவர் ஒரே வரியில் முடித்தார்: 'என்கிட்ட எழுதினவங்க வரணும். வேற யாரும் வேண்டாம்.'

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் மெதுவாக, "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்கம்மா, நான் பேசிக்கறேன்" என்றார். கஷ்டமா இருக்குன்னு சொல்றதுதான் சார் எனக்கு இருக்கிறதிலேயே கஷ்டம். 'க' வராது எனக்கு. அதனால், "ச-சரி" என்று சொல்லித்தொலைத்துவிட்டேன். சுலபமான எழுத்தைத் தேடிப் போய் மாட்டிக்கொண்டேன்.


மார்ச் 26, புதன்

சோறு இறங்கவில்லை. ஏன் ஒத்துக்கிட்டேன்? ஏன்? ஏன்?


மார்ச் 27, வியாழன்

கண்ணாடி முன் நின்று பயிற்சி. மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி வந்துவிடும். என் பெயர் மட்டும் வராது. அதன் முதல் எழுத்தே எனக்குப் பகை. பெயர் வைத்தவள் அம்மாதான். இன்று அவளிடம் சண்டை போட்டேன். "வே-வேற பேரே கிடைக்கலியா உனக்கு?" அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கூப்பிடும்போது நல்லா இருந்துதுடி, அதான் வச்சேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.


மார்ச் 29, சனி

எங்கிருந்து தொடங்குவது?

கீழ்த்தளத்தில், வாங்க வருகிறவர்களுக்கு மெஷினைத் தைத்துக்காட்டுகிற அறையில்தான் ஏற்பாடு. தையற்காரப் பெண் தன் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க மெஷின்ல செஞ்சு காட்டி ஏமாத்திடுவீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

விளக்கைப் போட்டார்கள். நேரலை தொடங்கியது. "வணக்கம்" நன்றாக வந்தது. "நான்" வந்தது. அடுத்து என் பெயர்.

நின்றுவிட்டது.

தாடை இறுகி, கண் சொருகி – எனக்குத் தெரியும் அந்த முகம் எப்படி இருக்கும் என்று. எதிரிலிருந்த திரையில் கமெண்டுகள் ஓடின. தையற்காரப் பெண் கள்ளங்கபடமில்லாமல் அதை வாசித்தார்: "வீடியோ நிக்குதுன்னு சொல்றாங்க. நெட் போயிடுச்சா?"

விளம்பரக்காரர் கேமராவை அணைக்கச் சொல்லிக் கையை வீசினார். அதைப் பார்த்தேன். பார்த்த நொடியில் எனக்குள் என்னவோ ஒன்று – கோபமா, சிரிப்பா – பொங்கிவிட்டது.

"நெட் ந-நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் நின்னு நின்னு வருவேன். பொ-பொறுத்துக்கோங்க, வந்து சேந்துடுவேன்."

தையற்காரப் பெண் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு, "நான் எங்கயும் போகல. சொல்லுங்க" என்றார்.

வந்து சேர்ந்தது என் பெயர். முழுசாக. திரையில் இதயங்களாகப் பறந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு திக்கினேன், திக்கினேன், திக்கிக்கொண்டே இருந்தேன். ஆனால் நிறுத்தவில்லை. ஊசியைக் கழற்றச் சொன்னேன். இரண்டு திருகையும் கழற்றித் தகட்டை எடுத்தோம். துளையில் ஒரு நூலைக் கோத்து முன்னும் பின்னும் இழுத்துக்காட்டினேன். நார் நாராகப் பிரிந்தது. "வீ-வீட்லயே நீங்களும் இப்படிப் பாக்கலாம். நூல் பிரிஞ்சா எங்களுக்கு எழுதுங்க, தகடு வந்துடும்." புதுத் தகட்டில் இழுத்தோம். நூல் அப்படியே இருந்தது.

பிறகு அவர் கனமான துணியை நாலாக மடித்து வைத்துத் தைத்தார். முன்னால். பின்னால். மறுபடி முன்னால். அறையில் மெஷின் சத்தம் மட்டும்தான். துணியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டி, "அறுகல!" என்று கத்தினார். பூச்செண்டு கதவோரம் நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

முடிக்கும்போது, யாரையும் கேட்காமல், நானாகவே சொன்னேன்: "உங்க க-கமெண்டை நாங்க அழிச்சோம். அது தப்பு. இனிமே இந்தக் க-கம்பெனி யாரோட புகாரையும் அழிக்காது." கேமராவுக்குப் பின்னாலிருந்த பெரியவர் தலையில் கைவைத்தார். பிறகு அதே கையை எடுத்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இரண்டு தடவை 'க'. கவனித்தேன்.


மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்காரர் தன் கடையில் விளம்பரத்துக்கு வைத்திருக்கிற பெரிய டிவியில் நேற்று என்னைப் போட்டிருக்கிறார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பரிசோதனையை மறந்து நின்று பார்த்தார்களாம். "உங்கம்மா நீ திக்கினப்பல்லாம் டிவியைப் பாத்து முடிச்சு முடிச்சுச் சொன்னாங்க. டிவிக்குக் கேக்கல. நீ பாட்டுக்கு வேற என்னவோ சொன்னே" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "நான் நினைச்சதைவிட நல்லாத்தான் சொன்னா" என்றாள்.


ஏப்ரல் 9, புதன்

எங்கள் முகநூல் பக்கத்தில் தினமும் திருவிழாக்கூட்டம். தகடு வந்துசேர்ந்தவர்கள் தாங்களே மாற்றி வீடியோ போடுகிறார்கள். ஒருவர் மாமியாரை மெஷினில் உட்காரவைத்துப் படமெடுத்து, 'இவங்களே குறை சொல்லல, அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு' என்று எழுதியிருக்கிறார். திக்கிப் பேசுகிற மகனின் தந்தை ஒருவர் தனியாக எழுதினார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்கு மட்டும்.

விளம்பரக்காரர் வந்து, "நான் திட்டம் போட்டிருந்தா இதுல பாதிகூட வந்திருக்காது மேடம்" என்றார். பெருந்தன்மையான மனுஷர்தான். காப்பி வாங்கிக்கொடுத்தேன்.


ஏப்ரல் 25, வெள்ளி

இரண்டாவது ஷிஃப்டு நிற்கவில்லை. புதிய மாடலுக்கு மறுபடி ஆர்டர். பூச்செண்டு இன்று பலகையில் பூ போடவில்லை. ஷிஃப்டு ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிற படம் போட்டார். ஒருவர் முகம்கூட ஒழுங்காகத் தெரியவில்லை. நான் போட்ட இதயம்தான் முதல்.


மே 12, திங்கள்

புகார்ப் பிரிவைக் கலைக்கவில்லை. பெயரைத்தான் மாற்றினார்கள்: 'வாடிக்கையாளர் குரல்'. கம்பெனியின் பக்கமும் இனி எங்கள் கையில். தலைமை நான். தையற்காரப் பெண் மாதம் ஒருமுறை வந்து புதிய மெஷின்களைச் சோதித்துப் பார்க்கிறார். ஃபேக்டரியே அவரைக் கண்டு நடுங்குகிறது.


ஜூன் 17, செவ்வாய்

இன்று நேர்க்கூட்டம். அடுத்த மாடல் பற்றி. அடிநூல் சுற்றுகிற பாபின் பெட்டியின் மூடி, விளக்கு இருக்கிற இடம், வழிமுறைப் புத்தகத்தின் எழுத்து எறும்பு மாதிரி இருப்பது – ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல் நின்று நின்றுதான். யாரும் குறுக்கே வரவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"அம்மா தாயே, போதும்மா. மத்தவங்களும் கொஞ்சம் பேசட்டுமே."

அறை முழுக்கச் சிரிப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம், பேசினது போதும் என்கிறார்!

நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது.